நாற்சந்தியில் நாலு கியர்

சிம்பாங் அம்பாட் என்றால் மலாயில் நாற்சந்தி. அங்கே குடியிருக்கும் எங்கள் பக்கத்துவீட்டு அண்ணனின் 1957 செவர்லே பெல் ஏருக்கு இருந்ததோ இரண்டே கியர். பவர்கிளைட் என்று பெயர். செவர்லே 1950இல் கொண்டுவந்த ஆட்டோமேட்டிக். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போனால் கதை முடிந்தது.

"நாலு கியர் மாட்டிட்டேன் தம்பி. இனி ஹைவேல எஞ்சின் கத்தாது."

பொய்யில்லை. அவர் மாட்டிய, 1982இல் வந்த 700ஆர்4 கியர்பாக்ஸில் நாலாவது கியரின் விகிதம் 0.70. எஞ்சின் பத்துச் சுற்று சுற்றினால் பின்னால் போகும் தண்டு பதினாலைத் தாண்டிவிடும். வண்டிதான் தாண்ட வேண்டும். பாலம் வரைக்கும் லாரிக்குப் பின்னால் பத்து காடி, முதல் கியரிலேயே ஊர்கிறது.

பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கையும் கழற்றி எறிந்துவிட்டு, சுருள் ஸ்பிரிங்கும் புது அப்சோர்பரும் போட்டார். முன்பெல்லாம் தாமான் வேகத்தடையில் ஏறினால் ஐந்து மீட்டர் வண்டியும் படகு மாதிரி மூன்று முறை ஆடி அடங்கும். இப்போது ஒரே குலுக்கல். அண்ணன் வீட்டு அக்காவுக்கு அந்தப் பழைய ஆட்டம்தான் பிடித்திருந்ததாம். செலவான வெள்ளியில் ஒரு புது மைவி கார் வந்திருக்கும் என்பதையும், தேத்தாரே ஆற்றிக்கொண்டே, இரண்டு தடவை சொன்னார்.

"பிரேக் என்னண்ணே போட்டீங்க?" என்றேன்.

அண்ணன் தேத்தாரேவை ஊதினார். நாலு சக்கரத்திலும் அதே 1957 டிரம்தான்.