கத்திக்காவிகள்

கத்தி நீள நீள, அதை வைத்திருப்பவருக்கு வேலை குறைந்துகொண்டே போகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் யார் யார் எந்தக் கத்தியைக் காவித் திரிகிறார்கள் என்று கொஞ்சம் கவனித்தால் இந்தக் கணக்கு தானாகப் பிடிபடும். கடகமும் பெட்டியும் சுளகும் இழைக்கிற பெண்ணின் சத்தகம் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். ஓலை வார்வதும் ஈர்க்குப் பிரிப்பதும் அதனால்தான்; வீட்டுக்கு அரிசி வருவதும் அதனால்தான். ஆனாலும் உங்களிடம் ஆயுதம் ஏதும் உண்டா என்று கேட்டால், அவர் நல்லூர்க் கந்தன்மேல் சத்தியம் பண்ணி இல்லை என்பார். சீவல் தொழிலாளியின் பாளைக்கத்தி அதைவிடச் சற்றுப் பெரிது. காலையும் மாலையும் பனையேறிப் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவவேண்டும். தடிப்பாகச் சீவினால் பாளை வீண். கத்தி மொட்டையாக இருந்தால் பாளை நசிந்து கள்ளு குறையும். ஊரிலேயே மிகக் கூரான இரும்பு அவர் இடுப்பில்தான் இருக்கும். ஆனால் அத்தனை உயரத்தில் தளநாரை நம்பி நிற்கிறவருக்கு அதைச் சுழற்றிக் காட்ட மூன்றாவது கை கிடையாது. 1972இல் கள்ளுக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபிறகு கத்தியோடு சேர்த்துக் கணக்குக் கொப்பியும் அவர் கைக்கு வந்தது. கத்தி கட்டினவன் முரடன் என்று திண்ணையில் இருந்து பேசியவர்கள், மரம் ஏறாமலே கள்ளுக் குடித்தவர்கள்.

வில்லுக்கத்திக்காரர் இன்னொரு சாதி. அந்தக் காலத்தில் இவருடைய கத்தி பாக்குவெட்டியோடும் சில்லறையோடும் கொட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. இப்போது திறப்புக் கோர்வையில் தொங்குகிறது. இவரைப் போல் சாதுவான மனிதரைக் காண்பது அரிது. கலியாண வீட்டில் சரைக் கயிறு அறுக்க, பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவ, கோயிலில் மாலை நறுக்க, எல்லாரும் இவரைத்தான் தேடுவார்கள். “அண்ணை, அந்த வில்லுக்கத்தியை ஒருக்காத் தாங்கோ” என்று யாரும் கேட்கவேண்டும் என்பதற்காகவே இவர் சபைகளுக்குப் போகிறாரோ என்றும் சந்தேகம் உண்டு. கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார். தானே விரித்து, தானே அறுத்து, துடைத்து, மடித்து வைப்பார். இவருடைய வெளிநாட்டுப் பதிப்பு சூரிச்சில் இருந்து திருவிழாவுக்கு வரும் மாமா. கார்ல் எல்செனர் என்ற கத்தித் தொழிலாளி 1891இல் சுவிஸ் படைக்குச் செய்துகொடுக்கத் தொடங்கிய சிப்பாய்க் கத்தியின் பேரப்பிள்ளை ஒன்று, சிவப்புக் கைபிடியோடு, மாமாவின் பயணப்பெட்டியில் இருக்கும். கத்தரிக்கோல், அரம், திருகாணி முடுக்கி, பல்லுக்குத்தும் குச்சி என்று ஒரு கடையே அதற்குள் இருக்கும். அதில் பல்லுக்குத்தும் குச்சி ஒன்றுதான் ஊரில் பயன்பட்டிருக்கும். அதுவும் இரண்டாம் நாளே தொலைந்திருக்கும்.

நீளம் ஒரு முழத்தை எட்டும்போது வருகிறார் நமது நாயகர், வேலிக்கத்திக்காரர். பெரும்பாலும் இளைப்பாறிய உத்தியோகத்தர். சாரம், பெனியன், கையில் கொடுவாக்கத்தி. காலையில் தேத்தண்ணி குடித்ததும் வேலிக்கரைக்குப் போவார். கிளுவையையும் பூவரசையும் கிளை கிளையாகப் பார்ப்பார், வெட்டமாட்டார். வேலியின் மறுகரையில் இன்னொருவரும் இன்னொரு கொடுவாக்கத்தியோடு நிற்பார். “மாஸ்டர், உங்கடை பூவரசு எங்கடை வளவுக்குள்ளை சாயுது.” “அதை வெட்டத்தானே தம்பி கத்தியோடை வந்தனான்.” இந்த உரையாடல் பல வருடமாக நடக்கும், பூவரசும் அதே சாய்வில் நிற்கும். ஏனென்றால் இருவருக்கும் கிளை பிரச்சினை இல்லை. கதியால் போனமுறை வேலி அடைத்தபோது நாலு விரற்கடை நகர்ந்ததா இல்லையா என்பதுதான் பிரச்சினை. வேலியை உண்மையில் வெட்டுவது கூலிக்கு வரும் ஆள். அவர் தன் கத்தியைத் தானே கொண்டுவந்து, வெயில் ஏறமுன்னம் முடித்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். உண்மையான சண்டையை நடத்துவது நில அளவையாளரும் நொத்தாரிசும் அப்புக்காத்தும். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்திலேயே காணிக்கும் தோட்டத்துக்கும் தனி இடம் உண்டு என்றால், இந்த வியாதியின் வயதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். ஆக மாஸ்டரின் கையில் இருக்கும் கொடுவாக்கத்தி வெட்டும் கருவி அல்ல. வழக்கு இன்னும் முடியவில்லை என்ற அறிவித்தல்.

அதற்கும் மேலே நீண்டால் வாள். வாளுக்கு விறகு கொத்தத் தெரியாது, தேங்காய் உடைக்கத் தெரியாது, மீன் வெட்டினால் செதிலும் போகாது. மோட்டார் சைக்கிளில் முகத்தை மூடிக்கொண்டு வந்து வாள் வீசும் கூட்டங்களைப் பற்றி, ஆவா குழு முதற்கொண்டு, போருக்குப் பிந்திய யாழ்ப்பாணப் பத்திரிகைகள் ஓயாமல் எழுதின. ஆட்கள் காயப்பட்ட செய்திகளில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதே செய்திகளில் அடிக்கடி வெட்டுப்பட்டது படலையும் யன்னற் கண்ணாடியும் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளும் என்பதைக் கவனியுங்கள். படலை திருப்பி அடிக்காது. வாளோடு படம் எடுத்து ரிக்ரொக்கில் போட்டுவிட்டு, பொலிஸ் வந்து நிற்கும்போது எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று திகைப்பவரும் உண்டு. கடலுக்கு அப்பாலும் இதே கதைதான்: 2018 பெப்ரவரியில் பூந்தமல்லிக்குக் கிட்ட மலையம்பாக்கத்தில், ஒரு ரவுடியின் பிறந்தநாளுக்கு அரிவாளால் கேக் வெட்டக் கூடியவர்களைச் சென்னைப் பொலிஸ் சுற்றிவளைத்து எழுபது பேருக்கு மேல் பிடித்தது. கேக் வெட்டத் தேவையான கத்தியைப் பேக்கரிக்காரன் பிளாஸ்ரிக்கில் சும்மா தருகிறான். நல்லூர் முத்திரைச் சந்தியில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியனும்தான் சிலையாக வாளை உயர்த்திக்கொண்டு குதிரையில் இருக்கிறான். அவனுக்குப் பாதுகாக்க ஒரு இராச்சியம் இருந்தது. 1619இல் அதுவும் போர்த்துக்கேயரிடம் போய்விட்டது.

இதற்கு மறுப்புகள் வரும். நீளம் குறையக் குறைய வேலை கூடும் என்றால், கத்தியே இல்லாதவர்தான் பெரிய உழைப்பாளியா என்று கேட்பார்கள். இல்லை. கத்தி இல்லாதவர் இரண்டு வகை. ஒருவர் இரவல்காரர். பலாப்பழம் பழுக்கும் காலத்தில் மட்டும் உறவு கொண்டாடி வருவார். கத்தி பாலும் பிசினுமாகத் திரும்பி வரும், சிலவேளை வராது. மற்றவர் தன் கையில் இரும்பு படாமல் அடுத்தவரை ஏவிவிட்டுப் பழகியவர். கத்தியே காவாத அந்தக் கனவான்களின் கொடுமையைக் கே. டானியல் நாவல் நாவலாக எழுதியிருக்கிறார். என் கணக்கு கத்தி உடையவர்களுக்கு மட்டும்தான்.

அடுத்த மறுப்புக்கு எடை கூட: பயம். 2011 ஓகஸ்ட்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் திரிகிறார்கள் என்ற கிறீஸ் பூதப் பீதி நாடெங்கும் பரவி, யாழ்ப்பாணத்தில் நாவாந்துறையில் பெரிய கலவரத்தில் முடிந்தது. அந்த இரவுகளில் தலையணைக்குக் கீழே கத்தி வைத்தவர்களை யாரும் பழிக்க முடியாது. அடிபட்ட ஊர், காவல் யார் என்று தெரியாத இருட்டு. ஆனால் பீதி அடங்கியதும் அந்தக் கத்திகளில் மிகுதி தேங்காய்க்கும் மீனுக்கும் திரும்பிவிட்டன. பயம் வந்தபோது எடுத்தவரின் குணத்தை அந்தக் கத்தி சொல்லாது. பயம் போனபிறகும் வைக்க மனமில்லாதவரைத்தான் அது காட்டிக்கொடுக்கும். போரில் வளர்ந்த தலைமுறை அப்படித்தான் இருக்கும் என்றும் சிலர் சமாதானம் சொல்வார்கள். நாற்புறமும் துவக்கு இருந்த காலத்தில் வாளைத் தூக்கி ஒருவரும் பெரிய ஆளாகவில்லையே. துவக்குகள் போனபிறகுதான் அதற்கு மவுசு வந்தது. எதிரே பெரிய ஆயுதம் இல்லை என்று உறுதியான பிறகு வெளியே வரும் துணிச்சலுக்கு வேறு பெயர் உண்டு.

எனவே மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாதகமும் உறுதியும் பார்த்து முடிந்ததும் தண்ணி குடிக்கிற சாட்டில் ஒருக்காக் குசினிக்குள் போய், அங்கே கிடக்கும் கத்தியின் வாயை விரலால் தடவிப் பாருங்கள். பெடியனின் அறைச்சுவரில் பளபளவென்று வாள் தொங்க, தாய் மொட்டைக் கத்தியால் பூசணிக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், சீதனப் பேச்சைத் தொடங்காமல் எழும்பி வாருங்கள்.