ஊர் கண்ணுக்கு ஒரு பிடித்தம்

டொரொண்டோ

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டிலேயே வெட்டி, டை பூசாமல் விட்ட என் தலையை வீடியோ கோலில் பார்த்துவிட்டு, "கனடாவில் சோற்றுக்கே கஷ்டமோ?" என்று தோட்டத்து லயமே பேசுவதாக எழுதியிருந்தீர்கள். கஷ்டமில்லை, கணக்குத்தான். இங்கே சாதாரணக் கடையில் முடி வெட்ட 25 டாலர் ஆகும், டிப்ஸ் தனி. நம் இலங்கை ரூபாவில் ஐயாயிரத்துக்கு மேல். தேயிலைத் தோட்டத்தில் 2024இல் அடிப்படை நாட்சம்பளத்தை 1350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில், அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழாமல் நாலு நாள் கொழுந்தெடுத்தால் ஒரு தலை! முடிக்கு டை பூச இன்னும் சில நாள் மலையேற வேண்டும். தோட்டத்துச் சம்பளச் சீட்டில் சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் என்று பிடிக்கும் வரிசையில் டோபிக்கும் பாபருக்கும் பிடித்த காலம் உண்டே. அதைப் பிடித்தது தோட்ட ஆபீஸ். இங்கே நம் சம்பளத்தில் நாமே பிடித்துக்கொள்கிறோம், அதுவும் அடுத்தவர் கண்ணுக்காக. தலையைச் சுமப்பது நாம், பார்ப்பது ஊர். பார்ப்பவர் காசு தருவதில்லை, கருத்து மட்டும் தருகிறார். என் வாதம் இவ்வளவுதான்: காசு கட்டுகிறவர்தான் தன் தலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வீட்டில் வெட்டிக்கொள்வது கேவலம் என்ற எண்ணத்தைக் கொரோனாவே தீர்த்துவிட்டது. டொரொண்டோவில் 2020 நவம்பர் 23இல் மூடிய சலூன்கள் 2021 ஜூன் 30இல்தான் திறந்தன. ஏழு மாதம் டாக்டர், வக்கீல் என்று பார்க்காமல் எல்லாத் தலையும் வீட்டார் கையில் மாட்டியது. அதனால் எந்த வங்கியும் திவாலாகவில்லை. வேலையும் பெரிய வித்தையில்லை. கிளிப்பரில் 4ஆம் நம்பர் சீப்பு மாட்டினால் சுமார் 13 மில்லிமீட்டர் மிஞ்சும்; 1ஆம் நம்பர் என்றால் 3 மில்லிமீட்டர், கதிர்காமத்து நேர்த்திக்கடன் போலிருக்கும். பெரிய நம்பரில் தொடங்கி இறங்க வேண்டும். இறங்கியபின் ஏற வழியில்லை. நீளக் கூந்தலுக்கு மெஷினே வேண்டாம். ஈரத்தில் நடுவகிடு எடுத்து, இரு பக்கமும் முன்னால் போட்டு, இரண்டு விரலுக்கிடையில் பிடித்து நுனியைக் கத்தரித்தால் போதும். கோணலாகிவிட்டால்? கவ்வாத்து வெட்டிக் குச்சி குச்சியாக நிற்கும் தேயிலை மலை தளிர்ப்பதை வருடந்தோறும் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பயம் எதற்கு?

இனி நரை. இருக்கிற கறுப்பு முடி வெளுப்பதில்லை. வேரில் நிறமி தீர்ந்தபின் புது முடிதான் வெள்ளையாக முளைக்கிறது. ஆகவே டையை நிறுத்தினால் வகிட்டில் வெள்ளைக் கோடு விழுந்து, மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே போகும். தோளுக்குக் கீழே தொங்கும் கூந்தல் முழுவதும் மாற இரண்டு வருடத்துக்கு மேலாகும். அவ்வப்போது நுனியை வெட்டினால் காலம் குறையும்; கத்தரிக்கோலும் நரையும் கூட்டாளிகள் என்பது இதனால்தான். இதைச் சகிக்காமல் டைக்கே திரும்பினால் வேறு வினை. கறுப்பு டைகள் பலவற்றில் சேரும் பி.பி.டி. என்ற ரசாயனத்துக்கு அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006இல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று பட்டமே கொடுத்திருக்கிறது.

"நரைத்தால் வேலை போய்விடுமே" என்பீர்கள். அப்படியொரு பேச்சு இங்கே எழுந்ததுண்டு. சி.டி.வி. செய்தி வாசிப்பாளர் லிசா லஃப்ளாம் கொரோனாக் காலத்தில் டையை விட்டு, நரையோடு செய்தி சொன்னார். 2022 ஆகஸ்டில், 58 வயதில், 35 வருடச் சேவைக்குப்பின் அவருடைய ஒப்பந்தம் முடிக்கப்பட்டது தெரியவந்தது. நிர்வாகம் வியாபாரக் காரணம் என்றது. நாடு அவர் நரையைக் காட்டிக் கேள்வி கேட்டது. வெண்டிஸ் பர்கர் கடை தன் சின்னத்திலிருக்கும் செம்பட்டைத் தலைச் சிறுமிக்கே நரை பூசிக் காட்டியது. அதே நாற்காலியில் முன்பிருந்த லாயிட் ராபர்ட்சன் 77 வயது வரை செய்தி வாசித்தார். ஆணின் நரை அனுபவம், பெண்ணின் நரை அலட்சியம் என்றால் கோளாறு முடியில் இல்லை. அதற்கு மருந்தை முடியில் பூசி என்ன பயன்?

"பாபர் பிழைப்பு என்னாவது?" என்பதும் நியாயமான கேள்வி. தோட்டத்தில் அந்தத் தொழிலைச் சாதி பார்த்து ஒரு வீட்டின் தலையில் கட்டினோம். அந்த வீட்டுப் பிள்ளை டவுனில் சலூன் போட்டு, விரும்பி வருகிறவரிடம் சரியான கூலி வாங்கினால் அதுதான் மரியாதை. ஊருக்குப் பயந்து வருகிற தலைகளை நம்பி அவர் பிழைக்க வேண்டியதில்லை. நரைக்கே திரும்பி இன்னொன்று: நரை கவலையின் அடையாளம் என்பவர்களுக்குச் சங்கப் புலவர் பிசிராந்தையாரே சாட்சி. வயதாகியும் தனக்கு நரை வராததற்கு நல்ல மனைவி மக்கள், சொன்னதைச் செய்யும் ஏவலர், நேர்மையான அரசன், சான்றோர் நிறைந்த ஊர் என்று காரணம் சொன்னார் அவர். இங்கே ஏவலரும் நாமே, எஜமானும் நாமே. அந்தப் பட்டியலில் பாதி தேறினாலே பெரிய காரியம். ஆனாலும் அவர் டையைச் சிபாரிசு செய்யவில்லை.

அத்தானுக்கு ஒரு கிளிப்பர் அனுப்பலாமென்றால் இங்கத்திய மெஷின் 120 வோல்ட், அங்கே 230. சொருகினால் முடிக்கு முன்னால் மெஷின் கருகிவிடும். ஹட்டன் டவுனிலேயே ஒன்று வாங்கச் சொல்லுங்கள். காசை நான் அனுப்புகிறேன். முதலில் 4ஆம் நம்பர், மறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி