சிங்கம் இல்லாமல் இங்கிலீஷ்

அண்ணாச்சி பதில்கள் – ஸ்ரீவைகுண்டத்திலிருந்து

இந்த வாரத் தபாலில் முக்கால்வாசி, வெளிநாடு போய் இங்கிலீஷ் படிப்பது பற்றியே. ஆத்துப் பாசனத்தில் வாழை போட்டவர்களின் பிள்ளைகள் மால்டாவுக்கும் டப்ளினுக்கும் பெட்டி கட்டுகிறார்கள். சினிமா, அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாணவி, ஆழ்வார்திருநகரி: மால்டாவில் மூன்று மாத இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். "போய் இறங்கினாலே போதும், இங்கிலீஷ் தானா வந்துரும்" என்கிறார் என் மாமா. வருமா அண்ணாச்சி?

அப்படி வந்தது நம்மூரில் ஒருவருக்குத்தான் தங்கச்சி. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை. திருச்செந்தூர் சந்நிதியில் வாய் திறந்தார். திறந்ததும் கந்தர் கலிவெண்பா. பெரியவரான பிறகு காசிக்குப் போனார். மடம் கட்ட இடம் வேண்டும். கொடுக்க வேண்டிய நவாபுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்துஸ்தானி தெரியாது. சரஸ்வதியை வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடிவிட்டு, சிங்கத்தின் மேல் ஏறி தர்பாருக்குப் போய் இந்துஸ்தானியிலேயே பேசினார் என்பது நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

நீ சிங்கத்தில் போனால் மால்டா போலீஸ் விடாது. பஸ்ஸில் போ. காதில் மாட்டிய பாட்டைக் கழற்றிவிட்டுப் போ. மால்டா 1964 வரை பிரிட்டிஷ்காரர் கையில் இருந்த தீவு. மால்டீஸ், இங்கிலீஷ் இரண்டுமே அங்கே ஆட்சிமொழி. ஆனால் ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது மால்டீஸ். அதனால் இங்கிலீஷ் உன்னைத் தேடி வராது, நீதான் பேச்சுக் கொடுக்க வேண்டும். கடையில் விலை கேள். வாங்காவிட்டாலும் கேள். சந்தையில் உங்க அம்மை செய்வதுதானே! வகுப்பு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மணி நேரம்தான் இருக்கும். மிச்ச நேரத்துக்கு வாத்தியார் பொறுப்பில்லை.

கல்லூரி மாணவர், குரும்பூர்: சேர்ந்த முதல் நாளே பரீட்சை வைப்பார்களாமே, அதற்கு எதைப் படிக்கலாம்?

எதையும் படிக்காதே. அது பாஸ், ஃபெயில் பார்க்கிற பரீட்சை இல்லை. ஏ-1 முதல் சி-2 வரை உள்ள ஆறு படியில் நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று பார்ப்பது. அதில் போனைப் பார்த்து எழுதுவது, காய்ச்சல்காரன் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணியில் முக்கிக் காட்டுகிற மாதிரி. டாக்டர் ஏமாறுவார், காய்ச்சல் ஏமாறாது.

பெயர் வேண்டாம் என்பவர், ஏரல்: டப்ளினில் நாங்கள் நாலு பேரும் நம்ம பக்கத்துப் பையன்கள். ஒரே வீடு, ஒரே சமையல். செலவு மிச்சம். ஆனால் இங்கிலீஷ் வரவில்லை.

எப்படி வரும்? நாலு பேரும் சேர்ந்து டப்ளினுக்குள் ஒரு ஏரல் கட்டியிருக்கிறீர்கள்.

ஏரலில் இருந்து ஆறு போகும் வழியிலேயே போனால் புன்னைக்காயல். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே இதே சிக்கல் தலைகீழாக இருந்தது. போர்ச்சுகலில் இருந்து வந்த அண்டிரிக் அடிகளாரும் கூட்டாளிகளும் முத்துக்குளித்துறைக்காரர்களிடம் வேலை செய்ய வந்தவர்கள். சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்தால் வாயில் வருவது போர்ச்சுகீசிய மொழி. தமிழ் எங்கே ஏறும்? அதனால் தங்களுக்குள்ளேயும் தமிழில்தான் பேசுவது, தவறினால் தண்டனை என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். பாதிரியார்கள் என்பதால் தவத் தண்டனை. உங்களுக்கு யூரோ தண்டனை போதும். அடுப்படியில் ஒரு டப்பா வையுங்கள். ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது வரை தமிழில் பேசினால் வார்த்தைக்குப் பத்து சென்ட். முதல் வாரம் டப்பா நிரம்பும். அதை எடுத்துக் கோழி வாங்குங்கள். மூன்றாவது வாரம் கோழிக்குக் காசு சேராது. அப்போது எனக்கு எழுதுங்கள்.

அண்டிரிக் அடிகளார் அதோடு நிற்கவில்லை. தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்'தான் இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம். பதினாறே பக்கம். ஒரு சமையலறைச் சட்டம் எங்கே கொண்டுபோய் விட்டது பார்த்தீர்களா?

அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் டப்பாவை மூடிவிடுங்கள். அவளிடம் இங்கிலீஷ் பேசினால் தண்டனை வேறு மாதிரி இருக்கும்.

மாணவி, புன்னைக்காயல்: தப்பாகப் பேசிவிடுவேனோ என்ற பயத்தில் வகுப்பில் வாயே திறப்பதில்லை. சிரித்துவிட்டால்?

சிரிக்கட்டும். உன் ஊரிலேயே ஒரு புனிதர் தப்பாகச் சொன்ன கதை இருக்கிறது, கேள்.

பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இந்தக் கரைக்கு வந்தார். தமிழ் தெரியாது. ஊர்க்காரர்கள் சிலரை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழாக்கச் சொல்லி, மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'வேணும்' என்று இருந்திருக்கிறது. 1544இல் கூட்டாளி மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அதைத் திருத்துகிறார்: 'வேணும்' என்றால் ஆசைப்படுவது, இனி 'விசுவாசம்' என்று சொல்லும். அதுவரைக்கும் கடவுளை விசுவசிக்க வேண்டியவர்கள், வெத்தலை பாக்கு கேட்கிற மாதிரி 'வேணும், வேணும்' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்!

இதில் எனக்குப் பிடித்தது தப்பு இல்லை, கடிதம். தப்பு தெரிந்ததும் மறைக்காமல், சம்பந்தப்பட்டவருக்கு எழுதித் திருத்தினார். நீயும் ஒரு நோட்டு வாங்கு. அட்டையில் 'வேணும் நோட்டு' என்று எழுது. அன்றன்றைக்கு டீச்சர் திருத்தியது, கடைக்காரர் புரியாமல் விழித்தது, பஸ் டிரைவர் இரண்டு தடவை கேட்டது, மூன்று வரி போதும். தப்பு ஒரு பக்கம், சரியானது எதிர்ப்பக்கம். மறுநாள் அந்தச் சரியான சொல்லை யாரிடமாவது வம்படியாகப் பயன்படுத்து. வகுப்பில் இருக்கிற கொலம்பியாக்காரியும் துருக்கிக்காரனும் உன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் நோட்டு உன் நோட்டைவிடத் தடிமனாக இருக்கும்.

வம்புக்காரர், தென்திருப்பேரை: இவ்வளவு அளக்கிறீரே, நீர் எந்த வெளிநாட்டுக்குப் போயிருக்கிறீர்?

2011இல் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள். ஜூனில் விட்டார்கள், நவம்பரில் நிறுத்தினார்கள். என் பாஸ்போர்ட் டிசம்பரில் வந்தது.

ஆசிரியை, நாசரேத்: என் மகன் இலக்கணத்தில் புலி. லண்டனில் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது அவனுக்குப் புரியவில்லை. எங்கே கோளாறு?

கோளாறு இல்லை டீச்சர். அவன் படித்தது ஒரு இங்கிலீஷ், தெருவில் நடமாடுவது இன்னொன்று. நம் மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் இருந்த வீரமாமுனிவருக்கு இது நன்றாகத் தெரியும். தமிழ் கற்க வருபவர்களுக்காக லத்தீனில் இலக்கணம் எழுதினபோது, பேச்சுத் தமிழுக்குக் கொடுந்தமிழ் இலக்கணம் தனி, இலக்கியத்துக்குச் செந்தமிழ் இலக்கணம் தனி என்று இரண்டாக எழுதினார். 'போயிட்டு வாரேன்' என்பவனை 'சென்று வருகிறேன்' தெரிந்தவன் எப்படிப் புரிந்துகொள்வான்?

லண்டன்காரர் காலையில் "யூ ஆல்ரைட்?" என்பார். உங்கள் மகன் தனக்கு ஏதோ உடம்புக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, முந்தாநாள் வந்த தலைவலியில் இருந்து ஆரம்பிப்பான். அது நம்ம ஊர் "சாப்டாச்சா?" மாதிரி. யாரும் இலையைப் போட்டுவிட்டுக் கேட்பதில்லை. திருப்பி "யூ ஆல்ரைட்?" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டியதுதான். அதே மாதிரி, "நாட் பேட்" என்றால் அவர் ஊரில் பாராட்டு. பையனைத் தினமும் ஒரே டீக்கடைக்குப் போகச் சொல்லுங்கள். அரைமணி நேரம் உட்கார்ந்து, பக்கத்து மேசைக்காரர் காதில் விழும்படிப் பேசுவதைக் கேட்கட்டும். ஒட்டுக்கேட்பது பாவம்தான், படிப்புக்காக என்றால் பாதிப் பாவம்.

கருப்பட்டி வியாபாரி மகள், குரும்பூர்: ஒரு நாளைக்கு ஐம்பது வார்த்தை மனப்பாடம் செய்கிறேன். மறுநாள் காலையில் ஐந்துதான் மிச்சம்.

ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் புத்தகமே போட்டார். மறப்பது உன் குற்றம் இல்லை. ஐம்பதுதான் குற்றம்.

பத்து போதும். வெறும் வார்த்தையாக எழுதாதே, அது வந்த வாக்கியத்தோடு சின்ன அட்டையில் எழுது. வீட்டில் கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி இருக்குமே, ஐந்து எடுத்துக்கொள். புது அட்டை எல்லாம் முதல் பெட்டியில். அதைத் தினமும் பார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, இப்படித் தள்ளித் தள்ளிப் பார். தப்பாகச் சொன்னால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் மறுபடி முதல் பெட்டிக்கே. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன்காரர் 1972இல் சொன்ன முறை இது. ஓலைப்பெட்டி மட்டும் என் சேர்க்கை. அதில் வைத்த வார்த்தைக்கு எறும்பு வரும் என்றால், கருப்பட்டியை முதலில் தட்டிவிடு.

ஒரு தகப்பன், செய்துங்கநல்லூர்: லண்டனில் இங்கிலீஷ் படித்துக்கொண்டே வேலை பார்த்து, கட்டின காசை எடுத்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். நிலத்தை அடகு வைக்கலாமா?

வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் பதினோரு மாதம் வரை இங்கிலீஷ் படிக்க பிரிட்டன் தரும் குறுகிய காலப் படிப்பு விசாவில் வேலையே பார்க்கக் கூடாது. நீட்டிக்கவும் முடியாது. அந்த ஊர் அரசாங்கத்தின் இணையதளத்தில் எல்லாரும் படிக்கிற மாதிரி போட்டிருக்கிறார்கள். அயர்லாந்தில் கொஞ்சம் வேலை பார்க்கலாம். ஆனால் 25 வாரப் படிப்பு, வாரம் குறைந்தது 15 மணி நேரம், 85 சதவீத வருகை வேண்டும். ராத்திரி முழுக்கப் பாத்திரம் கழுவிவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்குகிற பையனுக்கு வருகை இருக்கும், இங்கிலீஷ் இருக்காது. ஏஜென்ட் சொன்னதை அவர் கையெழுத்திலேயே எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். பேனா எழுதாது.

மாணவி, சாயர்புரம்: எல்லாரும் போகிறார்கள். எனக்குப் பணம் இல்லை, நான் போக முடியாது. என்ன செய்ய?

சாயர்புரத்தில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறாய்? உங்க ஊரில் 1842இல் கல்விச்சாலை தொடங்கிய ஜி.யு.போப், 1839இல் சென்னைக்கு வரும்போது வயசு பத்தொன்பது. தமிழை இங்கே வந்து ஆரம்பிக்கவில்லை. இங்கிலாந்திலேயே ஆரம்பித்து, வரும் கப்பலிலும் படித்துக்கொண்டே வந்தார். அன்றைக்குக் கப்பல் வந்து சேர மாதக்கணக்காகும். சுற்றிலும் தண்ணீர், தமிழ் பேசுகிற தெரு எதுவும் கிடையாது. அந்த மனுஷன்தான் பிறகு 1886இல் திருக்குறளை இங்கிலீஷில் கொடுத்தார்.

உன் வீடுதான் உன் கப்பல் என்று வைத்துக்கொள். காலையில் பத்து நிமிஷம் சத்தமாக வாசித்து, போனில் பதிந்து, நீயே கேள். முதல் நாள் உன் குரல் உனக்கே பிடிக்காது, எல்லாருக்கும் அப்படித்தான். கிரிக்கெட்டை இங்கிலீஷ் வர்ணனையோடு பார். ஒரு பந்து முடிந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு அதை நீ சொல். முத்துக்குளிப்பவர் கடலுக்குள் போகும்போது மேலே கயிறு பிடிக்க மச்சான் நிற்பாராம். அந்த மாதிரி ஒரு கூட்டாளியைப் பிடி. வாரம் இரண்டு நாள் இங்கிலீஷில் மட்டும் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் வீட்டு ஆட்டிடம் பேசு. அது திருத்தாது, ஆனால் சிரிக்கவும் சிரிக்காது.

வயது ஒன்பது, ஸ்ரீவைகுண்டம்: அண்ணாச்சி, குமரகுருபரர் ஏறிப்போன சிங்கம் என்ன மொழி பேசிச்சு?

சிங்கம் பேசியிருந்தா, தர்பார்ல வேற யாரு தம்பி பேசியிருப்பா?