வாப்பாவின் கொம்பியூட்டருக்கு ஷார்ஜாவிலிருந்து வைத்தியம்

ஷார்ஜா,
2025 ஒக்டோபர்.

அன்புத் தம்பிக்கு,

உம்மா, வாப்பா, மாமி எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். கொம்பியூட்டருக்குச் சுகமில்லை என்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். அதன் உடல்நிலையை வாப்பா எனக்கு அறிவிக்காத நாளே இல்லை.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறான் என்று கேட்பாய். இந்த நாட்டில் வட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும், குரல் பதிவும் போகும். அழைப்பு மட்டும் போகாது. அரசாங்கம் அனுமதித்த வேறு செயலிகளில் பேசலாம். ஆனால் "திரையைக் காட்டுங்க வாப்பா" என்றால் அவர் போனைத் திருப்பி உம்மாவைக் காட்டுகிறார். உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு "சாப்பிட்டியா மகன்?" என்கிறார். பிறகு கூரை தெரிகிறது, மின்விசிறி தெரிகிறது, திரை தெரிவதில்லை. அதனால் எழுத்தில் தருகிறேன். அச்செடுத்துக் கொம்பியூட்டர் மேசைக்கு மேல் ஒட்டிவை.

கைத்தொழில் பகுதியில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி எண்ணிக் கணக்கு எழுதுவதுதான் என் உத்தியோகம். நம் ஊர் கற்பிட்டியில் என் பதவி என்னவென்று லீவில் வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவர் இன்னொருவருக்கு என்னைக் காட்டி, "இவர்தான் டுபாயில கொம்பியூட்டர் இஞ்சினியர்" என்றார். ஷார்ஜா டுபாய் ஆனதைப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கிருப்பவர்களே அவசரத்துக்கு அப்படித்தான் சொல்வார்கள். பெட்டி எண்ணுபவன் இஞ்சினியர் ஆனது வாப்பாவின் கைவேலை. பக்கத்தில் அவர் பூரித்து நின்றார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

நான் இருப்பது பெட் ஸ்பேஸ். வாடகைக்குக் கிடைப்பது வீடும் அல்ல, அறையும் அல்ல, கட்டில். மேல் கட்டிலா கீழ் கட்டிலா என்பதில்தான் இங்கே அந்தஸ்து. நம் ஊருக்கும் ஷார்ஜாவுக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். வாப்பா சுபஹ் தொழுதுவிட்டு ஐந்தரைக்குக் கொம்பியூட்டர் முன்னால் குந்தும்போது இங்கே நாலு மணி. பாங்கு சொல்ல இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும், போன் அலறும். இப்போது அறை முழுவதுமே வாப்பாவின் தொழில்நுட்பப் பிரிவு. மலப்புறத்துக்காரர் ரவுட்டர் விசயங்களுக்குப் பொறுப்பு. பெஷாவர் டிரைவருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: "பக்கவாட்டில் ஒரு அடி போடச் சொல்லு." அவருடைய லொறி ரேடியோ அப்படித்தான் பாடுகிறதாம். சிட்டகாங் பையனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் "வாப்பா, ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்று பிழையில்லாமல் சொல்வான். வாப்பாவின் கருவாட்டுக் கடைக் கணக்கின் பாஸ்வேர்ட் நாலு கட்டிலுக்கும் தெரியும். இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் அதை மாற்று.

உலகம் சுற்றிய இப்னு பதூதா 1325இல் தஞ்சியரை விட்டுக் கிளம்பி, 1344இல் நம் புத்தளத்தில் வந்திறங்கி, 1349இல்தான் ஊர் திரும்பினார். இவ்வளவு காலமும் ஒருவராவது கூப்பிட்டு "மகன், மவுஸ் அசையுதில்ல" என்று சொன்னதாக அவர் எழுதிவைக்கவில்லை. கொடுத்துவைத்த மனிதர்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் 14ஆம் திகதியோடு விண்டோஸ் பத்துக்கு ஆதரவு முடிந்தது என்று திரையில் வந்ததை வாப்பா படித்துவிட்டு, அன்றைக்கே கொம்பியூட்டர் பெட்டி மவுத்தாகிவிடும் என்று முடிவு கட்டிவிட்டார். முதல் நாளே கணக்கு முழுவதையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் உட்கார்ந்து எழுதினாராம். மறுநாள் பெட்டி வழக்கம்போல ஓடியதும், கொப்பி வாங்கிய காசு வீண் என்று கவலை. அவருக்குச் சொல்லு: திகதி முடிந்தால் பெட்டி சாகாது, புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க மைக்ரோசொஃப்ட் இனிச் சும்மா வராது, அவ்வளவுதான். எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலில் இப்படி நடந்தது. விண்டோஸ் ஏழுக்கு 2020 ஜனவரியில் நடந்தது. அப்போதெல்லாம் நம் வீட்டில் யாரும் அந்த அறிவிப்பைப் படிக்கவில்லை, கவலையும் இல்லை. அந்தக் காலத்தில் பெட்டியில் கிரிக்கெட் ஸ்கோர்தான் பார்த்தோம். இப்போது வாப்பா அதில் வங்கிக் கணக்கைத் திறக்கிறார். ஓட்டையோடு விட முடியாது.

விண்டோஸ் பதினொன்று ஏற்றலாமே என்பாய். ஏறாது. அதற்கு இன்டெல் எட்டாந் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். திறவுகோல்களைப் பூட்டிவைக்கிற டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். நம்முடையது ஐ3, நாலாந் தலைமுறை, 2013இல் வந்த வர்க்கம். யாரோ ஒரு கந்தோரில் உழைத்து ஓய்வுபெற்று, கொழும்பு வழியாகக் கற்பிட்டிக்கு வந்து மறுபடி வேலைக்குச் சேர்ந்த பெட்டி அது. யூடியூப்பில் ஒரு பையன் இப்படியான பெட்டியை ஏமாற்றிப் பதினொன்றை ஏற்றிக் காட்டுகிறான் என்று அனுப்பியிருந்தாய். வேண்டாம். அப்படி ஏற்றியதற்குப் புதுப்பித்தல் தொடர்ந்து வரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஏமாற்றியவன் உன் வீட்டுக்கு வந்து திருத்தித் தரவும் மாட்டான்.

புதுப்பெட்டியும் இப்போதைக்கு வேண்டாம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஓடி, இன்னும் 300 பக்கத்திலேயே நிற்கிறது. ஓடுகிற பெட்டியை வீசுகிற அளவுக்கு நாம் பணக்காரர் அல்ல. மைக்ரோசொஃப்ட் ஒரு வருட நீட்டிப்புத் தருகிறது, 2026 ஒக்டோபர் 13 வரை. முப்பது டொலர் கட்டலாம். அல்லது அவர்களுடைய கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அங்கே சேமிக்க விட்டால் காசில்லாமலே கிடைக்கும். புதுப்பித்தல் பக்கத்தில் சேர்ந்துகொள்ளும் இணைப்பு இருக்கும். இதை நீ செய். வாப்பா செய்தால் முப்பது டொலர் கட்டுகிற பக்கத்தைத்தான் அழுத்துவார். காசு கொடுத்த பொருள்தான் நல்ல பொருள் என்பது அவருடைய வியாபாரக் கொள்கை.

உண்மையான நோய் விண்டோஸில் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஊசி ஒவ்வொரு துண்டாகத் தேடி ஓடுகிறது. பத்து மூட்டை கருவாட்டைப் பத்து மூலையில் போட்டுவிட்டு ஒரே பையனை ஓடி எடுக்கச் சொன்ன மாதிரி. அதற்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற தட்டும் இல்லை, ஓடுகிற ஊசியும் இல்லை. பெட்டி திறக்கும் முன் வாப்பா பிளேன்டீ குடித்து முடிக்கிற வழக்கம் இதோடு நின்றுபோகும்.

அடுத்த நோய் நம் ஊரே தருவது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, நடுவில் ஒரு துண்டு மணல். காற்றில் பாதி உப்பு. போதாததற்கு வாப்பா பெட்டியை வைத்திருப்பது கருவாட்டுக் கொட்டிலைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில். போன லீவில் திறந்து பார்த்தேன்: மதர்போர்ட்டில் பச்சைக் களிம்பு, விசிறியில் மணலும் பஞ்சும். இடத்தை மாற்று. கரண்டைக் கழற்றிவிட்டு ரெம்மை எடுத்து, அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் தூளைத் துடைத்துப் போடு. பெட்டி பீப் பீப் என்று கத்திக்கொண்டு திறக்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் அதுவே மருந்து. கழற்றாமல் தேய்க்கிற தைரியம் வேண்டாம்.

"கொம்பியூட்டருக்கு ஹேக்கர் வந்துட்டான்" என்று வாப்பா அலறிய கதையும் தெரியும்தானே? எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று சொன்னதாம். ஹேக்கர் வரவில்லை. மதர்போர்ட்டில் சட்டைப் பித்தான் அளவில் சி.ஆர். 2032 என்ற மூன்று வோல்ட் பெட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது நேரத்தை நினைவில் வைப்பது அதுதான். அது செத்ததும் பெட்டி பல வருடம் பின்னால் போய்விட்டது. தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் பிறக்காத காலத்தில் நின்றுகொண்டு அவற்றை நம்ப மறுத்தது. மணிக்கூட்டுக் கடையில் பெட்டரி கிடைக்கும். மாற்று, திகதியைச் சரிசெய், ஹேக்கர் போய்விடுவான்.

கரண்ட் விசயத்தை நினைத்தால் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. நாட்டுக்கே வெளிச்சம் போடுகிற நுரைச்சோலை மின்நிலையம், 900 மெகாவொட், நம் வாசலில் இருக்கிறது. புகைபோக்கியைப் பார்த்தே பாதை சொல்கிறோம். இந்த வருடம் பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏற, முழு இலங்கையும் இருண்டது; நுரைச்சோலையின் மூன்று இயந்திரமும் படுத்தன. அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணி நேர வெட்டு. புகைபோக்கிக்குக் கீழே இருக்கிறவனுக்குச் சலுகை ஒன்றும் இல்லை. யூ.பி.எஸ். இருக்கிறதே என்று வாப்பா சொல்வார். அதற்குள் இருக்கும் பெட்டரிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம். இப்போது அது வெறும் பிளக் பலகை, கூடவே பீப் சத்தம். பன்னிரண்டு வோல்ட் பெட்டரி ஒன்று வாங்கிப் போடு.

மாமியின் வினாத்தாள்கள் தனிச் சிக்கல். எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினி இல்லாத பெட்டியில் திறந்தால் பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். மாமி என்னைத்தான் ஏசுவார். புது டிஸ்க்கில் முதல் வேலையாகப் பாமினியை ஏற்று. பிறகு அவருக்கு யூனிகோட் பழக்கு. முப்பது வருட டீச்சருக்குப் பாடம் எடுக்கும் பாக்கியம் உனக்கு.

போன ஞாயிறு பர் டுபாய் போய், கொம்பியூட்டர் தெரு என்று எல்லாரும் சொல்கிற காலித் பின் வலீத் வீதியில், 240 ஜீ.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றும் நாலு ஜீ.பி. டி.டி.ஆர்.3 ரெம் ஒன்றும் வாங்கினேன். வாங்க எடுத்த நேரத்தைவிட ஷார்ஜாவுக்குத் திரும்ப வீதியில் நின்ற நேரம் அதிகம். முந்தல்காரர் ஒருவர் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிட்டேன். பொதியில் டேட்ஸ் மேலே இருக்கும், எஸ்.எஸ்.டி. துவாய்க்குள் சுற்றியிருக்கும். உம்மா துவாயை உதறுவதற்கு முன் நீ எடுத்துவிடு.

கழற்றுவதற்கு முன் கணக்கையும் நிக்காஹ் படங்களையும் பென் ட்ரைவில் எடுத்துவை. பழைய டிஸ்க்கை யாருக்கும் கொடுக்காதே; வீட்டில் இருக்கட்டும். பார்சல் வந்திருக்கிறது, போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்லவேண்டாம் என்று வாப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லு. அந்த இலக்கம் என்னிடமும் சொல்லக்கூடாதது.

இனிக் காலை ஐந்தரைக்கு மவுஸ் அசையாவிட்டால் அவர் உன்னை எழுப்பட்டும். நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய், உனக்கு நேர வித்தியாசமும் இல்லை. முந்தல்காரர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாலாவிச் சந்தியில் நிற்பார். பிந்தாமல் போய் எடு.

வஸ்ஸலாம்,
உன் நானா