புட்டு அவிக்கத் தெரிந்தவர்களுக்கு

கனடாவில் கஞ்சா சட்டப்படி விற்பனைக்கு வந்தது 2018 ஒக்டோபர் 17 அன்று. ஊரில் பேரைச் சொன்னாலே பொலிஸ் வரும் சாமானை ஸ்காபரோவில் வரி போட்டு, ரசீதோடு தருகிறார்கள். எங்கள் வயதுக்காரர் சிலர் முழங்கால் உளைவு என்று சொல்லி வாங்கத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் முழங்கால் வெள்ளிக்கிழமை பின்னேரத்தில்தான் உளைந்தது.

நண்பர் ஒருவர் (பேர் வேண்டாம், மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள்) புகை நெஞ்சுக்கு ஆகாதென்று கையடக்க வேப்பரைசர் ஒன்று வாங்கினார். காய்ந்த பூவை எரிக்காமல், சூட்டில் வாட்டி ஆவியாக்கும் கருவி. வாங்கிய கிழமையே முறைப்பாடு வந்தது.

“மச்சான், ஒரு ருசியும் இல்லை. கருகின பொப்கோர்ன் மாதிரிக் கிடக்கு.”

சூடு 220 பாகையில் நின்றது. ஏன் என்று கேட்டேன். “220 வரைக்கும்தானே காசு குடுத்தனான்!”

பூவின் மணமெல்லாம் டெர்பீன் என்ற எண்ணெய்ச் சத்துகளில் இருக்கிறது. பைனீன் 156 பாகையளவில் கொதிக்கும். தோடம்பழத் தோலிலும் உள்ள லிமோனீன் 176இல். லினலூல் 198 வரை பொறுத்திருக்கும். எடுத்த எடுப்பில் 220 வைத்தால் எல்லாம் முதல் இழுவைகளிலேயே ஓடிவிடும், மிஞ்சுவது வறுவல் வாடை. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் எரியவே தொடங்கிவிடும். அதற்குச் சுருட்டு மலிவு. நான் 175இல் தொடங்கி, ருசி குறையக் குறைய ஏற்றி, 200க்கு மேல் போவதில்லை.

அடுத்தது, ஆவி வரவில்லையாம். இந்த வழக்கு எங்கள் குசினியில் நடந்தது. என் மனிசி கருவியை வாங்கி மூடியைத் திறந்தார். பூவை மாவாக அரைத்து, விரலால் அமத்தி அடைத்திருந்தார் நண்பர்.

“புட்டுக்குழலுக்கை மாவை இப்பிடி அடைஞ்சால் ஆவி எங்காலை அண்ணை வரும்?”

கருவியோடு வந்த கையேட்டில் இவ்வளவு தெளிவு இல்லை. சூடான காற்று ஊடுருவிப் போகும் வகைக் கருவிக்குப் பூவைக் கரகரப்பாக உதிர்த்து, தளர்வாக இடவேண்டும். கிண்ணத்தின் சுவரே சுடும் வகைக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தலாம், இடையில் ஒருதரம் கிளறிவிடவும் வேண்டும். இந்த விதிவிலக்கை நான் மனிசியிடம் சொல்லவில்லை. இருபக்கமும் சமாதானம் முக்கியம். இழுப்பதும் மெல்லத்தான், அவசரப்பட்டு இழுத்தால் வெளிக்காற்று புகுந்து கிண்ணம் ஆறிவிடும்.

ஆனாலும் ருசி போவதற்குப் பெரிய காரணம் அழுக்கு. சனிக்கிழமை தவறாமல் கார் கழுவுகிற மனிதர், வாயில் வைக்கிற கருவியை ஒருநாளும் துடைத்ததில்லை! வலை முழுக்கப் பிசின். இந்த நிலையில் அவர் ஜேர்மனியின் ரூற்லிங்கன் நகரத்தில் ஸ்ரோர்ஸ் அன்ட் பிக்கல் செய்யும் மைற்றி கருவிக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். மைற்றி நல்ல கருவிதான். ஆனால் வலை அடைத்தால் அதற்கும் இதே கதிதான். மருந்துக்கடையில் ஐசோபுரோப்பைல் அற்ககோல் சில டொலருக்குக் கிடைக்கிறது. வலையையும் கண்ணாடிக் குழலையும் அதில் ஊறவைத்துக் கழுவலாம், கிண்ணத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். அற்ககோல் தீப்பற்றும்; முழுக்கக் காய்ந்த பிறகுதான் கருவியை மூட்டவேண்டும்.

மாரியில் வேறு தொல்லை. ஹீற்றர் ஓடும் வீட்டில் பூ சருகாகி, தொண்டையைக் கீறும். 62 சதவீத ஈரப்பதப் பொட்டலம் ஒன்றைப் போத்தலுக்குள் போட்டால் சரி. தோடம்பழத் தோல் போடுவதென்று ஒரு பழைய வைத்தியம் உண்டு, பூஞ்சணம் பிடிக்கும். பல்கனிக் குளிரில் லித்தியம் பற்றரி சட்டென்று இறங்கும், ஆகவே வெளியே போகும்வரை உட்சட்டைப் பையில் வைத்திருங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: கனடாவிலிருந்து கஞ்சாவை எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம். கழுவாத வலையில் ஒட்டியிருக்கும் பிசினும் கஞ்சாதான். கருவியை வீட்டிலேயே விட்டுப் போங்கள்.