ரோமிங் கட்டணத்தின் தோற்றமும் பரவலும்: காவிரிப் படுகையை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

ரோமிங் கட்டணம் என்பது, வெளிநாட்டில் இருப்பவரின் கைப்பேசி அந்நாட்டுக் கோபுரத்தைப் பயன்படுத்தியதற்காக ஊர் நிறுவனம் வசூலிக்கும் தொகை. பேக் போட்டுக்கொண்டு போனவரை, அதன் அளவு தீரும்வரை, இது தீண்டாது. போஸ்ட்பெய்டு இணைப்பில்தான் நன்றாக வளரும். பயணி ஊர் திரும்பி, வாங்கிவந்த தைலமும் சாக்லேட்டும் பங்கிட்டு முடிந்தபின் பில்லாக வெளிப்படும்.

தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரங்களில் இது செழிக்க ஏற்ற சூழல் உண்டு. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் நேரடி விமானம் இருக்கிறது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினத்துக்காரர்களுக்குக் கடல் கடப்பது தலைமுறைப் பழக்கம். அவர்களிடம் இக்கட்டணம் அரிது. மகளின் பிரசவத்துக்காக முதல்முறை விமானம் ஏறும் பெற்றோரிடமே அது ஒட்டிக்கொள்கிறது.

மூலகாரணம் வரலாற்றில் உள்ளது. 1995-இல் இந்தியாவுக்குக் கைப்பேசி வந்தபோது, வரும் அழைப்பை எடுத்தாலும் காசு. 2003 மே முதல் அது இலவசமானது. ‘எடுத்தால் செலவில்லை’ என்பது அதன்பின் சமய நம்பிக்கைக்கு நிகராக இறுகிவிட்டது. ஆனால் வெளிநாட்டில் இருப்பவரை ஊரிலிருந்து கூப்பிடுபவர் இந்திய எண்ணுக்கு உரிய காசைத்தான் கொடுக்கிறார். அங்கிருந்து கடல் தாண்டும் செலவு எடுப்பவர் தலையில் விழுகிறது.

படுகைக்கே உரிய வகையை நீர்வரத்து அழைப்பு எனலாம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அன்று ஓர் அழைப்பு. மூன்று நான்கு நாளில் கல்லணை திறக்கும்போது இன்னொன்று. “ஐயா, வாய்க்கால்ல தண்ணி வந்துட்டுங்க” என்பது மூன்றாவது. பக்கத்து வயல்காரர் மதகை அடைத்துவிட்டார் என்பது நான்காவது. நீளத்தில் இதை விஞ்சிய அழைப்பு இல்லை, ஏனெனில் அடைத்தவரும் வாங்கிப் பேசுவார். கடைமடைக்காரருக்கு அழைப்பு குறைவு. தண்ணீர் போய்ச்சேர்வதற்குள் அவர் ஊர் திரும்பிவிடுகிறார்.

இரண்டாவது வகை, தம்பதி அழைப்பு. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் நிற்கும் கணவர், முஸ்தபா கடையில் நிற்கும் மனைவியைத் தேடுகிறார். இருவரிடமும் இந்திய சிம். “ஏங்க, எங்க நிக்கிறீங்க?” என்ற கேள்வி சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூருக்கே திரும்பி வருகிறது. கூப்பிட்டவருக்கு ஒரு கட்டணம், எடுத்தவருக்கு ஒரு கட்டணம். இரண்டும் ஒரே குடும்பத்துக் காசு. நடந்து போயிருந்தால் சில நிமிடம்தான்.

டேட்டாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா விடியலில் அனுப்பும் காலை வணக்கப் படங்கள், பூச்சொரியும் வீடியோ உட்பட, ரோமிங்கில் தானிறக்கத்தை அனுமதித்திருந்தால் பார்க்காவிட்டாலும் தாமாக இறங்குகின்றன.

வெளிநாட்டுப் பயணமே இல்லாத வகை ஒன்றும் உண்டு. அமாவாசைத் தர்ப்பணத்துக்கு ராமேஸ்வரம் போகும் தஞ்சைவாசி, அப்படியே தனுஷ்கோடியையும் பார்த்துவிடுகிறார். அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பழைய ஜிஎஸ்எம் கோபுரமே 35 கிலோமீட்டர்வரை எட்டும். இலங்கைக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி வந்தால், வேட்டி ஈரம் காயுமுன்னே அவர் வெளிநாட்டவர். இரு நாட்டு நேரமும் ஒன்றே என்பதால் கடிகாரமும் காட்டிக்கொடுக்காது. கைப்பேசி அமைப்பில் நெட்வொர்க்கின் தானியங்கித் தேர்வை நீக்கி இந்திய நிறுவனத்தை நிலையாக வைத்தால் இது நேராது.

ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் தன் எல்லைக்குள் கூடுதல் ரோமிங் கட்டணத்தை ஒழித்தது. காவிரிப் படுகை அதில் உறுப்பு நாடல்ல. இங்குள்ளவர் விமானம் ஏறுமுன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடலாம். ஆனால் அதனால் சாதாரண அழைப்பு நிற்காது என்பதை நினைவில் கொள்க. வெளிநாட்டில் எஸ்எம்எஸ் பெறுவது பெரும்பாலும் இலவசம். வாய்க்காலில் தண்ணீர் வந்த சேதியை எழுதியனுப்பும் வழக்கம்தான் படுகையில் இன்னும் தோன்றவில்லை.