டென்னிஸ் ராக்கெட்டில் காணலாகும் கீறல்கள்: ஓர் ஆய்வு

தமக்கு ஏற்ற டென்னிஸ் ராக்கெட்டை மனிதர் எவ்வாறு தேர்கின்றனர் என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வுக்களம், சென்னையில் நான் காலை 6 மணிக்குப் போய்வரும் இரண்டு சிமென்ட் கோர்ட்டுகள். தரவாளர்கள் 9 பேர், டபுள்ஸ் ஆடுபவர்கள், 50 வயதைக் கடந்தவர்கள். ஒருவருக்கு மட்டும் 46தான், முழங்காலின் வயதைக் கருதிச் சேர்த்துக்கொண்டேன். மழைநாள்களும், ஆட்டம் முடிந்து காபி குடிக்கும்போது நடக்கும் பேச்சும் ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. இரண்டாவது நிற்கவில்லை.

ஆய்வுச் சிக்கல் கடை வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. ராக்கெட் வாங்கப் போனால் முதல் கேள்வி, “உங்க ஸ்டைல் என்ன சார்?” சம்பந்தம் பேசப் போன இடத்தில் சம்பளம் கேட்ட மாதிரி. உள்ளதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. 9 பேரிடமும் இதே கேள்வியைக் கேட்டேன். 6 பேர் தாங்கள் ‘அக்ரெசிவ் பேஸ்லைனர்’ என்றனர். ஒருவர் ‘ஆல் கோர்ட்’ என்றார். அவர் செர்வ் போட்ட இடத்தைவிட்டு நகர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. மீதி இருவரும் ‘டச் பிளேயர்’.

இந்த டச் பிளேயர் சென்னை மண்ணில் செழித்த வகை என்பதால் சற்று நின்று நோக்கத்தக்கது. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். மகன் ரமேஷ் 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அப்போது உலகின் முதல்நிலையில் இருந்த மாட்ஸ் விலாண்டரையே வீழ்த்தினார். இருவரிடமும் இடி மாதிரி செர்வ் கிடையாது. வருகிற பந்தின் வேகத்தை வாங்கி, வேண்டிய மூலைக்கு வழியனுப்பி வைக்கும் கை. அந்தக் கையால் ஊருக்குப் பெருமை வந்தது. ஓங்கி அடிக்க வராத எங்களுக்கு ஒரு பரம்பரையும் கிடைத்தது. ஆனால் மேற்படி தரவாளர் ஒருவரின் செர்வ் மெதுவாக வருவதற்குக் காரணம் டச் அன்று, தோள்பட்டை. எலும்பு டாக்டரின் சீட்டு அவர் பையிலேயே இருக்கிறது.

ஆகவே கருதுகோள் இது: ஆட்டப் பாணி இருவகைத்து. ஒன்று ஆடுபவரின் மனத்தில் நிகழ்வது, மற்றது கோர்ட்டில் நிகழ்வது. ராக்கெட் வாங்குவது முதலாவதற்காக. அதைப் போட்டு அடிப்பது இரண்டாவது.

முன்னாய்வுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ராக்கெட் என்றால் என்ன என்பது பற்றி டென்னிஸ் விதிப்புத்தகம் 1978 வரை வாயே திறக்கவில்லை. தோசைக்கல்லோடு இறங்கியிருந்தாலும் குற்றமில்லை. வாயைத் திறக்க வைத்தது ‘ஸ்பகெட்டி ராக்கெட்’: நரம்புகளைப் பின்னாமல் அடுக்காக விட்டு, பிளாஸ்டிக் குழாய் மாட்டி, பந்தைப் பேயாகச் சுழல வைத்த கருவி. 1977 அக்டோபரில் பிரான்ஸில் இலி நஸ்டாசே இதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். எதிரே, களிமண் தரையில் தொடர்ந்து 53 ஆட்டம் வென்றிருந்த கில்லெர்மோ விலாஸ். இரண்டு செட் போனதும் விலாஸ் ஆட்டத்தையே விட்டு வெளியேறினார். விதி அதற்குப் பிறகு வந்தது.

தலையின் அளவுக்கும் ஒரு வரலாறு உண்டு. மர ராக்கெட்டின் முகம் 70 சதுர அங்குலத்தை ஒட்டியிருக்கும். ஹோவர்ட் ஹெட் 1976-இல் பிரின்ஸ் நிறுவனத்துக்காக 110 சதுர அங்குல அளவில் ஒன்றைக் கொண்டுவந்தபோது சிரித்தவர்கள் உண்டு. இரண்டே ஆண்டில் பாம் ஷ்ரைவர் என்ற 16 வயதுப் பெண் அதை வைத்துக்கொண்டு அமெரிக்க ஓபன் இறுதியாட்டம் வரை போனார். காரணம் எளிது. தலை அகலமானால், நடுவில் படாத பந்துக்கும் ராக்கெட் கையில் அவ்வளவாகத் திருகிக்கொள்ளாது. நடுவில் படாத பந்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் கோர்ட்டில் பந்து என்றாலே அதுதான்.

அடுத்தது நரம்பு. நரம்பு மாற்றுவதை நாங்கள் ‘கட் போடுவது’ என்போம். இங்கே சிறியதொரு சொல்லாய்வு தேவைப்படுகிறது. ‘கட்’ என்றால் ஆங்கிலத்தில் குடல். 1875-இலிருந்து பிரான்ஸின் பாபொலா நிறுவனம் விலங்குக் குடலில்தான் டென்னிஸ் நரம்பு செய்தது. மாட்டுக்குடல் நரம்பு இன்றும் விற்கிறது, விலை கேட்டால் நம் குடல் கலங்கும். எனவே ‘நைலான் கட்’ என்று கேட்டு வாங்குகிறவர் நைலான் குடல் கேட்கிறார் என்பது ஈண்டு பெறப்படும்.

“பவர் வேணும், நல்லா டைட்டா போடுங்க” என்பது எங்கள் கோர்ட்டில் அடிக்கடி கேட்கும் வாசகம். இதைவிடத் தலைகீழாக ஒன்றைச் சொல்ல முடியாது. விதிப்படி சாதாரண டென்னிஸ் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரைதான் எழும்ப வேண்டும். அதாவது நசுங்கும்போது பந்து தன் சக்தியில் பாதியை ஒட்டித் தின்றுவிடுகிறது. நரம்பு அவ்வளவு பேராசை பிடித்ததல்ல; வாங்கியதில் பெரும்பங்கைத் திருப்பித் தந்துவிடும். நரம்பைத் தளர விட்டால் பந்து குறைவாக நசுங்கும், வேகமாகக் கிளம்பும். முறுக்கினால் வேகம் குறைந்து, பந்து சொன்ன பேச்சு கேட்கும். இதை எங்கள் அக்ரெசிவ் பேஸ்லைனர் ஒருவருக்கு விளக்கினேன். “தியரி வேற, பிராக்டிகல் வேற” என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு பவுண்டு ஏற்றிக்கொண்டார்.

பெரிய வீரர்களைப் பார்த்து வாங்குவதும் ஒரு முறையாக வழங்கி வருகிறது. பீட் சாம்பிரஸ் 85 சதுர அங்குல ராக்கெட்டோடு 14 கிராண்ட்ஸ்லாம் வென்றார். ஃபெடரர் 90-இலேயே பல காலம் இருந்துவிட்டு 2014-இல்தான் 97-க்கு மாறினார். போர்க் இன்னும் ஒரு படி மேல்: 1991-இல் மான்டி கார்லோவில் திரும்ப ஆட வந்தபோது கையில் மர ராக்கெட், முதல் ஆட்டத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை பழகியதை விட மனம் வராதவர்கள் இவர்கள். பழைய அச்சில் வார்த்த ராக்கெட்டுக்குப் புது மாடலின் பெயின்ட்டை அடித்து ஆடும் தொழில்முறை வீரர்களும் உண்டு. நாம் போய் அந்தப் பெயின்ட்டை வாங்கி வருகிறோம்.

நானும் வாங்கினேன். 95 சதுர அங்குலம், 320 கிராம், 18-க்கு 20 என நெருக்கிப் பின்னிய நரம்பு. கடைக் கண்ணாடி முன் நான்கு வீச்சு வீசிப் பார்த்தேன். காற்றை அடிக்கையில் எந்த ராக்கெட்டும் குறை சொல்வதில்லை. ஐந்தாம் மாதம் காபி டம்ளரைத் தூக்கினால் முழங்கையில் மின்னல் வெட்டியது. கடைக்காரர் மேல் பழியில்லை. நான் சொன்ன பதிலுக்கு அதுதான் சரியான ராக்கெட்.

இந்நிலையில்தான் எங்கள் மார்க்கரிடம் போனேன். பந்து பொறுக்கும் பையனாக வந்து, கட் போடக் கற்று, எங்களுக்குப் பந்து அடித்துக்கொடுத்தே தலை நரைத்தவர். ஸ்டைல் என்ன என்று அவர் கேட்கவில்லை. “பழைய பேட்டைக் கொடுங்க சார்” என்று வாங்கி, வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தார். கல்வெட்டு வாசிப்பவர் மாவு பூசிப் பார்ப்பாரே, அந்தப் பொறுமை.

முதலில் தலை விளிம்பு. ராக்கெட் முகத்தைக் கடிகாரமாகக் கொண்டால் 11 மணி இருக்கும் இடத்தில் காப்புப் பட்டை தேய்ந்து, உள்ளே கிராஃபைட் தெரிந்தது. “தாழ வர்ற பந்துக்கு முட்டியை மடக்க மாட்டீங்க. பேட்டை மட்டும் கீழ இறக்குறீங்க, தரையில தேய்க்குது.” அடுத்து நரம்பு. குறுக்கும் நெடுக்கும் சந்திக்கும் இடங்களில் நகத்தால் வருடினார். சுழற்றி அடிப்பவர்களுக்கு நரம்பும் நரம்பும் உரசி அங்கே பள்ளம் விழுமாம். எனக்கு வழவழவென்று இருந்தது. “டாப் ஸ்பின் இல்ல.” பந்தின் அழுக்கு நடுவில் இல்லாமல் நுனிப்பக்கம் ஏறிக் கிடந்தது, அதற்கு அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். கழுத்துப் பக்கம் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

“இது தூக்கிப் போட்டது.”

“கை நழுவினது” என்றேன்.

“சரி சார்.”

கடைசியாகப் பிடி. அங்கேதான் ஆய்வு திரும்பியது. பிடியின் மேற்பாதி கறுத்துத் தேய்ந்திருக்க, அடியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கடையில் வாங்கிய நாளின் வெள்ளை அப்படியே இருந்தது. “வெயிட்டு தாங்கல சார். உங்க கையே ஏத்திப் புடிச்சிருக்கு. இத்தனை நாளா நீங்க சின்ன பேட்லதான் ஆடிட்டு இருக்கீங்க.” நான் வாங்கிய ராக்கெட்டை என் கை எனக்குத் தெரியாமலே நிராகரித்து, தனக்கு வேண்டியதை அதே கம்பில் வெட்டியெடுத்துக்கொண்டிருக்கிறது.

அவர் தீர்ப்பு: எடை 285 கிராம் போதும், தலை 105, கட் 50 பவுண்டுக்குக் கீழே. “டிஃபென்ஸ் ஆளு சார் நீங்க. லாப் நல்லா போடுவீங்க.” இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

மறுபடியும் கடை. பிடித்துப் பார்த்து, உள்ளங்கைக்கும் மோதிரவிரல் நுனிக்கும் நடுவே மறுகையின் சுட்டுவிரல் சரியாக நுழைகிறதா என்று சோதித்தேன். எல் 2 அளவு பொருந்தியது. பில் போடும் பையன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். “லாப்” என்றேன். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தான். “அப்படி ஒரு கேட்டகிரி இல்லையே சார்.”

மூன்று வாரம் ஆகிறது. டம்ளரைத் தூக்க முடிகிறது. இன்று காலை ராக்கெட்டைப் பையில் வைக்கும் முன் தலையைத் திருப்பிப் பார்த்தேன். 11 மணியில், கட்டைவிரல் அகலத்துக்குப் பெயின்ட் போயிருக்கிறது.